அதிராத ஞாயிற்றுக்கிழமைகள்

கீரமங்கலம்
3-2-2025

பரீது பாய் அவர்களுக்கு,

கீரமங்கலம் பூக்கடை வனிதா எழுதுவது. என் வீட்டுக்காரர் நிலவழகன் வண்டியோடு கொண்டுவந்து தரும் கவரில் இது இருக்கும். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். பொங்கலுக்கு முன்னால் நான் போனில் கேட்டபோது, "உசத்துன வண்டி அப்படித்தாங்க இருக்கும், போகப் போகப் பழகிரும்" என்றீர்கள். அதையே என் வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்து கேட்டதற்கு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றீர்களாம். இனிமேல் எனக்கும் உங்களுக்கும் எல்லாம் எழுத்தில்தான்.

ஐப்பசியில் வண்டியை உங்களிடம் விட்டோம். நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப்பாக இருந்தும் பூத்தோட்டத்துச் சேற்றில் அடி தட்டுகிறது, நாலு அங்குலம் உயர்த்திக் கொடுங்கள் என்றோம். உயர்த்தினீர்கள். சேற்றில் நன்றாகத்தான் போகிறது. தார் ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் சீட்டுக்குக் கீழே யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருக்கிறது. பூப்பறிக்க ஏறி வரும் பெண்கள் இடுப்பு விட்டுப்போகுது என்கிறார்கள். கிராஸ் என்று ஏதோ சொல்கிறீர்களே, அது மூன்று மாதத்தில் இரண்டு தரம் தேய்ந்துவிட்டது.

உங்களைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தேன். மூன்று பேர் கெட்டிக்காரர் என்றார்கள். ஒருவர், பழைய சாமானைத் துடைத்துப் புதுசு என்று மாட்டிவிடுவார் என்றார். அந்த ஒருவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. வண்டியின் ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது. பதிலும் எனக்கே வர வேண்டும். என் வீட்டுக்காரர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

வனிதா


திருக்கோகர்ணம்
5-2-2025

ஆர்.சி. ஓனர் வனிதா அவர்களுக்கு,

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பட்டறையில் வேறு தாள் இல்லை.

போனில் சொன்னதைச் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கூப்பிடுகிறார்கள், பாதி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுகிறேன். பழைய சாமான் மாட்டுவேன் என்று சொன்னவர் யாரென்றும் எனக்குத் தெரியும். அவர் பட்டறை எனக்கு எதிர்த்த பட்டறை. அது கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றிக்கொண்டு போகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு கிராஸ். நம் கை மணிக்கட்டில் மடங்குகிற மாதிரி ஷாஃப்ட் அங்கேதான் மடங்கும். வண்டியை உயர்த்தினால் ஷாஃப்ட் சரிவாக நிற்கும். மேல் கிராஸ் எத்தனை டிகிரி மடங்குகிறதோ, கீழ் கிராஸும் அத்தனை மடங்க வேண்டும். மேலே ஒன்பது, கீழே ஆறு என்றால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும். அதுதான் உங்கள் அம்மிச் சத்தம். அதைச் சரிக்கட்டத்தான் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் சாய்வுத் தகடு வைத்தேன். ஒழுங்காகத்தான் வைத்தேன்.

இப்போது என் கேள்வி. எட்டு மூட்டைப் பூ இருநூறு கிலோகூடத் தேறாது. அதற்காக மூன்று மாதத்தில் இரண்டு கிராஸ் போகாது. வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த மாதிரி வருகிறது. பூ ஏற்றுகிற வண்டியில் நாலு சருகாவது கிடக்காதா? இதில் வேறு என்ன ஏறுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்த ஊர், எந்த வேகத்தில் அதிருது, எப்போது அதிரவில்லை. வண்டி ஓட்டுபவரே எழுத வேண்டும். பிறகு வண்டியை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

ஷேக் பரீது


கீரமங்கலம்
24-2-2025

பரீது பாய்க்கு,

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். என் வீட்டுக்காரர் பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார். இடது பின் டயரில் காற்று இரண்டு பாயிண்ட் குறைவு என்பதுவரை இருக்கிறது. நானும் படித்தேன். படித்த பிறகு, தப்பை மறைக்க எங்கள் மேல் பாரத்தைப் போடுகிறீர்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நோட்டில் உள்ளபடியே எழுதுகிறேன். "6-2 வியாழன். புதுக்கோட்டை மார்க்கெட். பூ 8 மூட்டை. 50ல் அதிருது." திங்கள், வியாழன், சனி எல்லாம் இதே கதைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். "9-2 ஞாயிறு. கொடும்பாளூர் வரைக்கும் அதிருது. அங்கிட்டு சுத்துனப்ப 60லகூட அதிரல. வீட்டுக்குத் திரும்புறப்ப மறுபடி அதிருது." 16ஆம் தேதியும் அப்படி, 23ஆம் தேதியும் அப்படி. ஞாயிறு பூ கிடையாது. வண்டி காலி. காலி வண்டியும் அதிருது, காலி வண்டியே அதிராமலும் போகுது. அப்புறம் பாரம் எங்கே வந்தது? உங்கள் தகடு ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

வேறு என்ன ஏறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் எப்பேர்ப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது. என் தம்பி அழகுமலை கொடும்பாளூரில் பெண் எடுத்து அங்கேயே இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருடைய ஜல்லிக்கட்டுக் காளையை வாடிவாசலில் அவிழ்த்துவிட்டு, வெளியே வந்ததைப் பிடிக்கப் போனவன் அவன்தான். இவர் வளர்த்த செவலையே அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மா இல்லாத பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவன். அந்த மாடு இனி இவர் கையில் இருக்கக் கூடாது என்று கருப்பர் கோயிலில் இவரைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தேன். மறுவாரமே விற்றுவிட்டார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போய் என் தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறார். அப்படிப்பட்ட மனிதர் என் வண்டியில் எனக்குத் தெரியாமல் எதை ஏற்றுவார்?

வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பாருங்கள்.

வனிதா


திருக்கோகர்ணம்
27-2-2025

வனிதா அம்மாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். உங்கள் கவர் இரண்டு தரம் ஒட்டிய கவராக இருந்தது. நடுவில் யாரோ பிரித்திருக்கிறார்கள். கொண்டுவந்தவர் உங்கள் வீட்டுக்காரர். இனி அவர் கையில் கடிதம் கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை.

முதலில் என் தப்பு. எழுத்தில்தானே கேட்டீர்கள், எழுத்திலேயே தருகிறேன். தகடு வைத்தபோது பின் அச்சில் ஷாஃப்ட் மாட்டுகிற மூக்கை மேலே தூக்கி, ஷாஃப்ட்டைப் பார்த்து நிற்கிற மாதிரி வைத்தேன். ஒரு வீடியோவில் அப்படிக் காட்டினான். அது மேல் முனையில் கிராஸ் இரண்டு சேர்ந்த இரட்டை ஜாயிண்ட் போட்ட வண்டிக்கு. உங்கள் வண்டியில் ஒற்றை ஜாயிண்ட். இதற்கு மூக்கும் கியர் பாக்ஸ் முனையும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். முப்பது வருஷம் சுத்தியல் பிடித்தவன் ஒரு வீடியோவை நம்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என் செலவில் மாற்றித் தருகிறேன்.

ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு என் தப்பு காரணம் இல்லை. காலி வண்டி கொடும்பாளூர் வரை அதிருமாம், அங்கே போனதும் நின்றுவிடுமாம். கொடும்பாளூரில் என்ன ரோடு வேறா? எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கடையில் சிமெண்ட் மூட்டை வாங்கி ஏற்றி பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தால் அதிருது. நாலு மூட்டையில் அதிருது. எட்டு மூட்டையில் குறைகிறது. பத்தில் லேசாக இருக்கிறது. பன்னிரண்டு மூட்டை வைத்தால் அறுபதில்கூட ஒன்றும் இல்லை. கனம் ஏறினால் பட்டை படியும், ஷாஃப்ட்டின் சரிவு குறையும், சண்டையும் அடங்கும்.

ஆகவே அந்த மூன்று ஞாயிறும் கொடும்பாளூரில் உங்கள் வண்டியில் அறுநூறு கிலோவாவது ஏறி, திரும்புவதற்குள் இறங்கியிருக்கிறது. அது என்ன? ஆற்று மணலா? பிடித்தால் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறது, என்னை வைத்து ஒரு நல்ல பிள்ளைக் கடிதம் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். இன்னும் முழுசாக அந்த நினைப்பு போகவில்லை. பதில் வரும்வரை வண்டியைத் தொட மாட்டேன். அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஷேக் பரீது


கீரமங்கலம்
4-3-2025

பரீது பாய்க்கு,

கவரைப் பிரித்தது நான்தான். ஒட்டிய பிறகு டயர் காற்று விஷயத்தைச் சேர்க்க நினைத்துப் பிரித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். உங்களுக்கு எல்லாமே கள்ளத்தனமாகத்தான் தெரிகிறது.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது உங்களைத் திட்டத்தான் ஆரம்பித்தேன். திட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று, அவர் குளிக்கப் போன நேரத்தில் வண்டியின் பின்தட்டில் ஏறினேன். மணல் இல்லை. ஒரு பொடிகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில். இறங்கப் போனவள் பலகைச் சந்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஊக்கால் கிளறினேன். பருத்திக்கொட்டை. ஏழெட்டு இருந்தது. பக்கக் கம்பியில் கயிறு உரசி பெயிண்ட் போயிருந்தது. அதில் நாலு மயிர் ஒட்டியிருந்தது, செம்பட்டையாக.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. என் தம்பி வீட்டிலும் கிடையாது, அவன் மாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். சிவகங்கைப் பக்கம் விற்றேன் என்று இவர் சொன்ன மாடு எங்கே நிற்கிறது? கொடும்பாளூரில் எவன் வீட்டில் கட்டி வைத்திருக்கிறார்? என் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் இருக்கிற ஊரிலேயே, அவனுக்கும் தெரியாமல் அந்த எமனை ஏற்றி இறக்குகிறார் என்றால், எனக்கு நினைக்கவே வாய் கசக்கிறது.

இருந்தாலும் நாளைக்கு நான் தப்பாகப் பழி போட்டுவிடக் கூடாது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நல்ல ஜல்லிக்கட்டுக் காளை எத்தனை மூட்டை சிமெண்ட் இருக்கும்?

வனிதா


திருக்கோகர்ணம்
8-3-2025

தங்கச்சி வனிதாவுக்கு,

நோன்பு மாதம். மதியத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, வேலை ஓடவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். மணல்காரி யாரும் காளைக்கு எடை கேட்க மாட்டாள்.

மாட்டு வியாபாரி ஒருவரிடம் கேட்டேன். நன்றாகத் தீனி வைத்த காளை ஒன்பது மூட்டை, பெரியது என்றால் பத்து. பத்து மூட்டையில் வண்டி லேசாக அதிருது என்று முன்னமே எழுதினேன். நோட்டில் அதிரவே இல்லை என்று இருக்கிறது. ஆகவே கொஞ்சம் கூடுதல் கனமும் இருந்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் காளையைத் தனியாக நிறுத்தி யாரும் கொண்டு போக மாட்டார்கள், பின்னால் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த மீதி மூட்டை அவன்தான். அவன் யார் என்று கண்டுபிடிக்க என்னிடம் கருவி இல்லை. நான் மெக்கானிக், சி.ஐ.டி. இல்லை. உங்கள் குடும்பத்துக்குள் என்னை இழுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே எடுத்தேன்.

ஆனாலும் தொழில் முறையில் ஒன்று எனக்கு வேண்டும். வண்டி எந்தப் பாரத்தில் அதிகம் ஓடுமோ அதை வைத்துத்தான் கோணம் சரிபார்க்க வேண்டும். நோட்டில் 'என்ன பாரம்' என்று புதுசாக ஒரு கட்டம் போடுங்கள். நான் கேட்டேன் என்றே சொல்லுங்கள், உண்மையும் அதுதான். உங்கள் வீட்டுக்காரர் வாயால் உங்களிடம் என்ன சொல்வாரோ தெரியாது. வண்டி நோட்டில் அவர் பொய் எழுத மாட்டார். அந்த நோட்டைப் பார்த்த எவனுக்கும் அது தெரியும். அதிரவில்லை என்பதை மறைத்திருந்தால் இந்தக் கதையே வெளியே வந்திருக்காதே.

ஷேக் பரீது


கீரமங்கலம்
19-3-2025

அண்ணன் பரீது பாய்க்கு,

நீங்கள் சொன்ன கட்டத்தைப் போட்டேன். ஞாயிறு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். எப்போதும் போல நோட்டை எடுத்து உட்கார்ந்தார். நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது என்னது, புதுசா ஒரு கட்டம்?"

"பாய் கேட்டாரு. பாரம் தெரிஞ்சாத்தான் கோணம் வைக்க முடியுமாம்."

"எல்லா நாளுக்குமா?"

"எல்லா நாளுக்கும்தான்."

பேனாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நோட்டை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். எடுத்துப் பார்த்தேன். "16-3 ஞாயிறு. கொடும்பாளூர் தாண்டி 60ல் அதிரல. பாரம்: செவலை 1. அழகுமலை 1."

அண்ணே, காளையை எதிர்பார்த்துத்தான் நான் இருந்தேன். என் தம்பி பெயரை எதிர்பார்க்கவில்லை. யாருக்காகச் சத்தியம் வாங்கினேனோ அவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் கொடும்பாளூர் போனேன். மாடு அவன் வீட்டுக் கொல்லையிலேயே நின்றது. நான் வருகிறேன் என்று போன் செய்தால் அவன் மச்சினன் தோப்பில் கொண்டு கட்டிவிடுவார்களாம். அன்றைக்குச் சொல்லாமல் போய்விட்டேன். ஞாயிறுதோறும் சுற்றுவட்டார ஜல்லிக்கட்டுக்குத்தான் ஏற்றிப் போயிருக்கிறார்கள். காளையை அவிழ்க்க வாங்கும் வாடிவாசல் டோக்கன் எல்லாம் அவன் பெண்டாட்டி ரம்யா பெயரில். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான், வயிற்றுத் தழும்பை நான் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

"மச்சான் மேல கோவப்படாதக்கா. அவரு விக்கத்தான் ஏத்திக்கிட்டு வந்தாரு. நான்தான் குறுக்க விழுந்து இறக்குனேன். ஒங்க கையில இருக்கக் கூடாதுன்னுதான சத்தியம், என் கையில இருக்கட்டும்னேன்."

"ஒன் கொடலச் சரிச்ச மாடுடா அது."

"அது குத்தலக்கா. கயித்தப் போடத் தெரியாமப் போட்டது நானு. ஆஸ்பத்திரில இருந்து வந்து படுத்துக் கெடந்தப்ப அத வித்துட்டா, நான் பயந்து போனவன்னு ஆயிரும். அப்புறம் நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்."

அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். நேற்று அவரே வாயைத் திறந்தார். சித்திரையில் விற்றுவிடுகிறோம், அதுவரை வெளியே ஏற்ற மாட்டோம் என்கிறார். முன்னால் சூடம் அணைத்தவர்தான். நான் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அதனால் இன்னும் பயமாக இருக்கிறது. இன்னொரு தரம் அந்தக் கொம்பு என் தம்பி வயிற்றுக்குப் போனால் நான் பிழைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வண்டி உங்களிடம் வரும். கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். தகட்டை மாற்றும்போது அதிர்வை முழுசாக எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் விட்டு வையுங்கள். காலியாக இருந்தால் அதிரட்டும், காளை ஏறினால் நிற்கட்டும். வண்டியில் உட்கார்ந்து வந்த யாரிடமாவது விசாரித்தால் எனக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் என்னிடம் உண்மை சொன்னது அந்த வண்டி ஒன்றுதான்.

வனிதா


திருக்கோகர்ணம்
22-3-2025

தங்கச்சி வனிதாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நீங்கள் கேட்டதைச் செய்யவில்லை.

கோணம் தப்பாக இருக்கிற வண்டி சும்மா அதிர்ந்துகொண்டே இருக்காது. கிராஸ் தேயும். ஒரு நாள் உடையும். அறுபதில் போகும்போது ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால், வண்டி பின்பக்கமாகத் தூக்கி அடிக்கும். விராலிமலைப் பக்கம் அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம். அந்த நேரம் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் தம்பியாகவும் இருக்கலாம், பூப்பறிக்கிற பெண்களாகவும் இருக்கலாம். காளையிடமிருந்து அவனைக் காப்பாற்ற நினைத்து, நீங்களே என் கையால் அவனை வேறு வழியில் அனுப்பச் சொல்கிறீர்கள். கோபத்தில் உங்களுக்கு அது தெரியவில்லை.

பழைய தகட்டை எடுத்துவிட்டேன். சின்னத் தகடு வைத்து, மேலேயும் கீழேயும் எட்டு டிகிரிக்கு ஒன்றாகக் கொண்டுவந்தேன். புதுக் கிராஸ் இரண்டு, பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் கண் முன்னால் பிரித்து மாட்டியது. காலியாக ஓட்டினேன், ஆறு மூட்டையில் ஓட்டினேன், பன்னிரண்டில் ஓட்டினேன். மூன்றிலும் ஒரே மாதிரி போகிறது. உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பட்டறைக்குள் திரும்பும்போது, "இனிமே எதை ஏத்துனாலும் தெரியாதுல்ல பாய்" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது, தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே தங்கச்சி, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் என்ன ஏறியது என்று வண்டியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்ப வேண்டும், இல்லையென்றால் நம்பாமல் இருக்க வேண்டும். இரண்டுக்குமே என் பட்டறையில் சாமான் கிடையாது.

வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பியது. நீங்கள் இதைப் படிப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்திருப்பார்.

ஷேக் பரீது